கடைசி நேர வரி மாற்றங்கள்: வியாபாரிகளும் கணக்காளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வரிச் சட்டம் திடீரென்று மாறும்போதெல்லாம் தொழில் நடத்துபவர்களிடமிருந்தும் கணக்கு எழுதுபவர்களிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். உதாரணங்கள் பல நாடுகளிலிருந்து எடுத்தவை. விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் சிக்கல் உருவாகும் விதம் எங்கும் ஒன்றுதான்.

சட்டம் எப்ப வந்தாலும் மாற்றம் மாற்றம்தானே? ‘கடைசி நேரம்’னு தனியா எதைச் சொல்றீங்க?

சட்டத்தின் இறுதி வாசகம் கைக்கு வரும் நாள் ஒன்று. அது முதன்முதலாக ஒரு பில்லையோ, சம்பளத்தையோ, ரிட்டர்னையோ தொடும் நாள் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள அவகாசம், செய்ய வேண்டிய வேலைக்குப் போதாமல் போனால் அதுதான் கடைசி நேர மாற்றம். பிரிட்டனில் விற்பனை மீது விதிக்கும் வாட் வரியை 17.5 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைப்பதாக 2008 நவம்பர் 24 அன்று அறிவித்தார்கள். டிசம்பர் 1 அன்று அமல். கிடைத்தது ஒரே வாரம். ஜெர்மனியில் 2020 ஜூன் 3 அன்று ஆளும் கூட்டணி முடிவெடுத்தது, ஜூன் 29 அன்று சட்டம் நிறைவேறியது, ஜூலை 1 முதல் 19 சதவீதம் 16 ஆகவும் 7 சதவீதம் 5 ஆகவும் மாறின.

அமல் தேதிக்கு நெருக்கத்தில் வருவது ஒரு வகை. ரிட்டர்ன் போடும் பருவத்தின் நடுவில் சென்ற ஆண்டுக்கான விதி மாறுவது இன்னொன்று. கடந்த காலத்துக்கும் சேர்த்து முன்தேதியிட்டு வருவது, கெடு முடியும் நாளன்று கெடுவையே மாற்றுவது ஆகியவையும் உண்டு. ஒவ்வொன்றும் வேறு இடத்தில் கடிக்கும் என்பதால் கீழே தனித்தனியாகப் பார்க்கலாம்.

ரேட் மாறினா சாப்ட்வேர்ல ஒரு நம்பரை மாத்தப் போறோம். அதுக்கு ஏன் இவ்வளவு கலவரம்?

அந்த ஒரு எண்ணை மாற்றுவதுதான் மிகப் பெரிய தவறே. ஏற்கெனவே இருக்கும் வரிக் குறியீட்டில் 19-ஐ அழித்து 16 என்று எழுதினால், பழைய பில்லை மறுபடி அச்சிடும்போது அதுவும் 16 என்று காட்டலாம்; மாற்றத்துக்கு முன் விற்ற பொருள் திரும்பி வரும்போது தவறான ரேட்டில் கழியும்; பழைய மாதத்து அறிக்கையும் நகர்ந்துவிடும். புது ரேட்டுக்குப் புதுக் குறியீடு திறந்து, அமல் தேதியைப் போட்டு, பழையதை மூடாமல் ‘புதிய விற்பனைக்குப் பயன்படுத்தாதே’ என்று மட்டும் குறித்து வைக்க வேண்டும்.

அடுத்தது விலை. வரி தனியாகப் போடும் இடத்தில் பெரிய தொல்லை இல்லை. வரி சேர்த்து விலை சொல்லும் கடையில், பில் தொகைக்குள் இருக்கும் வரியைப் பிரிக்கும் பின்னமே மாறுகிறது. 17.5 சதவீதத்துக்கு அது 7/47. 15 சதவீதத்துக்கு 3/23. 20 சதவீதத்துக்கு 1/6. விலைச் சீட்டை மாற்றாமல் விட்டால் வரிக் குறைப்பு முழுவதும் விற்பவரின் லாபமாகத் தங்கிவிடும், ரேட் ஏறும்போது விற்பவரின் நஷ்டமாகிவிடும். அதனால் விலையை மாற்றுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும்.

பிறகு வரிசையாக: பில் போடும் இயந்திரங்கள், இணையதள விலை, அனுப்பிவிட்ட விலைப்புள்ளிகள், மாதாமாதம் தானாகப் போகும் பில்கள், அச்சடித்த பட்டியல், விலை பொறித்த உறைகள். கொள்முதல் பக்கத்திலும் அதே வேலை உண்டு. சப்ளையர் பழைய ரேட்டில் பில் அனுப்பினால் அதைப் பிடித்து நிறுத்த யாராவது வேண்டும். ஜெர்மனியில் அந்தக் குறைப்பு ஆறு மாதத்துக்கு மட்டுமே. 2020 டிசம்பர் 31 உடன் முடிந்ததால், மேலே சொன்ன அத்தனையையும் அரை ஆண்டுக்குள் இரண்டு முறை செய்தார்கள்.

முன்பணம் பழைய ரேட் இருந்தப்ப வாங்கினேன். சரக்கு இப்பதான் போகுது. எந்த ரேட் போடணும்?

ரேட் மாறும் வாரத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பதில் முழுக்க நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14-ஆம் பிரிவு மூன்று நாட்களைப் பார்க்கச் சொல்கிறது: சரக்கை அல்லது சேவையை வழங்கிய நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள். இதில் எந்த இரண்டு நாட்கள் மாற்றத்துக்கு ஒரே பக்கத்தில் விழுகின்றனவோ, அந்தப் பக்கத்து ரேட். பணமும் பில்லும் முன்பே வந்துவிட்டு சரக்கு மட்டும் பின்னால் போனால் பழைய ரேட். பணம் மட்டும் முன்னால் வந்து, பில்லும் சரக்கும் பின்னால் என்றால் புது ரேட்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பணம் வந்த நாள் என்பது பொதுவாகக் கணக்கில் எழுதிய நாள், வங்கியில் வரவான நாள் ஆகிய இரண்டில் முந்தியது. ஆனால் ரேட் மாறிய நாளிலிருந்து நான்கு வேலை நாட்களுக்குப் பிறகுதான் வங்கியில் வரவானது என்றால், வங்கித் தேதியையே எடுக்க வேண்டும். காசோலையை முந்தைய தேதியில் எழுதிக்கொண்டு பழைய ரேட்டுக்குள் நுழைவதைத் தடுக்கவே இந்த விதி. ஆகவே மாற்றத்தை ஒட்டிய பத்து நாட்களுக்கு வங்கி அறிக்கையை பில்களோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

ஜெர்மனியில் வழி வேறு. வேலை அல்லது சரக்கு முடிந்து கைமாறிய நாள் மட்டுமே ரேட்டைத் தீர்மானிக்கும். முன்பணத்துக்கு வேறு ரேட்டில் வரி போட்டிருந்தால் இறுதி பில்லில் சரிசெய்ய வேண்டும். ஒரு நாட்டு விதியை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டு பில்லைப் போடுவதுதான் ஏற்றுமதி இறக்குமதி செய்பவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

பழைய ரேட்ல வித்தது இப்ப திரும்பி வருது. பில் தொகையைக் குறைக்கிற கிரெடிட் நோட் எந்த ரேட்ல?

மூல பில்லில் இருந்த ரேட்டில். முதலில் வாங்கிய வரியைத்தான் திருப்பித் தருகிறீர்கள். பழைய வரிக் குறியீட்டை மூட வேண்டாம் என்று இரண்டாம் கேள்வியில் சொன்னது இதற்காகத்தான். மூல பில் எண் இல்லாமல் கிரெடிட் நோட் போட மென்பொருள் அனுமதித்தால், அந்த வசதியைச் சில மாதங்களுக்காவது நிறுத்தி வையுங்கள்.

வரியைக் குறைக்கிறாங்கன்னா நல்லதுதானே, அது எப்படிச் சுமையாகும்?

குறைப்பு வரவேற்கத்தக்கதுதான். சுமை அதன் நேரத்தில் இருக்கிறது. இந்தியாவில் ஜிஎஸ்டி கவுன்சில் 2025 செப்டம்பர் 3 அன்று முடிவெடுத்த புது ரேட்டுகள் செப்டம்பர் 22 அன்று அமலுக்கு வந்தன. நடுவில் 19 நாள். விலை குறையப் போகிறது என்று தெரிந்த யாரும் அந்த 19 நாளில் பெரிய பொருளை வாங்க மாட்டார்கள். கடை வாடகையும் கடன் வட்டியும் அந்த நாட்களுக்கும் ஓடும். இருப்பில் உள்ள சரக்குக்கோ கூடுதல் ரேட்டில் வரி கட்டியாகிவிட்டது. அந்த உள்ளீட்டு வரவு (கொள்முதலில் கட்டிய, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய வரி) கணக்கில் இருக்கும், ஆனால் விற்பனையில் வசூலாகும் வரி குறைந்ததால் அது மெதுவாகத்தான் கரையும். வாகனங்களில் நிலைமை இன்னும் கடினம். ஜிஎஸ்டிக்கு மேல் கூடுதலாக விதித்த இழப்பீட்டு செஸ்ஸின் வரவை செஸ்ஸில் மட்டுமே கழிக்க முடிந்தது. செஸ் நீங்கியதும் கழிக்க இடமில்லாமல் போயிற்று.

நேரடி வரியிலும் இப்படித்தான். இந்திய நிறுவனங்களுக்கு 22 சதவீத அடிப்படை ரேட்டைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு 2019 செப்டம்பர் 20 அன்று அவசரச் சட்டமாக வந்தது, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதலே பொருந்தும் என்று. ஆண்டு முடியும் முன்பே தவணைகளில் கட்டும் முன்வரியின் இரண்டாம் தவணைக்கான செப்டம்பர் 15 கெடு அதற்குள் கடந்திருந்தது. சலுகைகளை விட்டுக்கொடுத்துப் புது ரேட்டுக்குப் போவதா, பழையதிலேயே இருப்பதா என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிக் கணக்குப் போட வேண்டியிருந்தது, ஏனென்றால் ஒருமுறை மாறினால் திரும்ப முடியாது.

அமைச்சர் டிவியிலேயே சொல்லிட்டார். நாளைக்கே மாத்திடலாமா?

எந்த வகை வரி என்று முதலில் பாருங்கள். சுங்கம், கலால் போன்றவற்றில் பட்ஜெட் நாளின் நள்ளிரவிலிருந்தே வசூலிக்க அனுமதிக்கும் தற்காலிக வசூல் சட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. பதுக்கலைத் தடுக்க அது தேவைதான். மற்றவற்றில் உரை, மசோதா, நிறைவேற்றம், ஒப்புதல், அரசிதழ் என்று படிகள் உண்டு. தயாரிப்பை உரையிலேயே தொடங்குங்கள். பில்லில் மாற்றுவதை அரசிதழுக்குப் பிறகு வையுங்கள்.

கனடாவில் மூலதன ஆதாயத்தில் வரிக்கு உட்படும் பங்கை உயர்த்துவதாக 2024 ஏப்ரல் 16 பட்ஜெட்டில் சொன்னார்கள். ஜூன் 25 முதல் என்றார்கள். சொத்தை அதற்கு முன் விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தவர்கள் பலர். சட்டம் நிறைவேறவே இல்லை. 2025 ஜனவரி இறுதியில், ரிட்டர்ன் பருவம் தொடங்கும் தறுவாயில், 2026-க்குத் தள்ளிவைத்தார்கள்; மார்ச் 21 அன்று கைவிட்டார்கள். வரித்துறை தள்ளிவைப்பு வரும்வரை முன்மொழிவின்படியே படிவங்களைத் தயாரித்து வந்ததால் கணக்காளர்கள் இரண்டு விதமாகவும் கணக்கிட்டு வைத்திருந்தார்கள்.

பிரிட்டனில் 2022 செப்டம்பர் 23 அன்று அறிவித்த வருமான வரிக் குறைப்பு அக்டோபர் 17 அன்று ரத்தானது. அதே அறிவிப்பில் இருந்த தேசிய காப்பீட்டு (சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு) விகிதக் குறைப்பு மட்டும் நவம்பர் 6 அன்று சொன்னபடி வந்தது. ஒரே உரையில் சொன்ன இரண்டுக்கும் இரண்டு கதி.

எல்லாத்தையும் விட சம்பளக் கணக்கு போடறவங்கதான் ரொம்பப் பதறுறாங்க. ஏன்?

பொருள் பில்லைப் பிறகு திருத்தலாம். சம்பளம் ஊழியரின் கைக்குப் போய்விடும். கூடுதலாகப் பிடித்தால் அவர் வீட்டுக் கணக்கு தடுமாறும், குறைவாகப் பிடித்தால் அடுத்த மாதம் இரட்டைப் பிடித்தம். அமெரிக்காவில் 2017 டிசம்பர் 22 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டம் ஜனவரி 1 முதல் பொருந்தியது. புதிய பிடித்த அட்டவணைகள் வெளியானது ஜனவரி 11. அவற்றுக்கு மாற பிப்ரவரி 15 வரை அவகாசம். ஆக ஆறு வாரம் வரை பழைய அட்டவணையில் சம்பளம் போயிற்று.

ஆண்டின் நடுவில் மாறினால் நிறுவன இயக்குநர்களின் கணக்கு இன்னும் சிக்கல். பிரிட்டனில் இயக்குநர்களுக்குத் தேசிய காப்பீடு ஆண்டு முழுமைக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. 2022-23-இல் ஏழு மாதம் 13.25, ஐந்து மாதம் 12 என்று இருந்ததால் அவர்களுக்கு 12.73 சதவீதம் என்று ஒரு கலப்பு விகிதம் வந்தது. அடுத்த ஆண்டில் 2024 ஜனவரி 6 அன்று மறுபடி இடையில் மாற, 11.5. கலப்பு விகிதத்தை மென்பொருள் தானாக எடுத்ததா என்று ஒரு இயக்குநரின் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

போன வருஷத்து ரிட்டர்ன் போட்டு முடிச்சாச்சு. இப்ப போன வருஷத்து விதியையே மாத்திட்டாங்க. திரும்பப் போடணுமா?

உடனே போடாதீர்கள். அமெரிக்காவில் 2021 பிப்ரவரி 12 அன்று ரிட்டர்ன் பருவம் தொடங்கியது. மார்ச் 11 அன்று வந்த சட்டம், வருமானம் 1,50,000 டாலருக்குக் குறைந்தவர்களின் 2020 வேலையின்மை உதவித்தொகையில் ஒருவருக்கு 10,200 டாலர் வரை வரி இல்லை என்றது. அதற்குள் ஏராளமானோர் ரிட்டர்ன் போட்டிருந்தார்கள். வரித்துறை, திருத்த ரிட்டர்ன் போட வேண்டாம், நாங்களே திருத்துகிறோம் என்று அறிவித்தது. அவசரப்பட்டவர்களின் கோப்புகள்தாம் இரட்டிப்பாயின.

சரியான வரிசை: பாதிக்கப்படக்கூடியவர்களின் பட்டியலை எடுங்கள். இன்னும் போடாதவர்களை நிறுத்தி வையுங்கள். வரித்துறையின் வழிகாட்டுதல் வரும்வரை காத்திருங்கள். பிறகு, கிடைக்கும் தொகை திருத்தும் செலவைவிடப் பெரிதா என்று ஒவ்வொருவருக்கும் பாருங்கள். 2019 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவில் வந்த சட்டம், 2017 இறுதியில் காலாவதியான சலுகைகளை 2018-க்கும் சேர்த்து உயிர்ப்பித்தது. அந்த ஆண்டு ரிட்டர்ன்களின் நீட்டித்த கெடுவும் முடிந்திருந்த நேரம் அது. அங்கே தானியங்கித் திருத்தம் இல்லை. சலுகை வேண்டுமானால் திருத்த ரிட்டர்ன்தான்.

‘சலுகை தொடரும், எப்படியும் நீட்டிப்பாங்க’ன்னு சொல்றாங்க. நம்பி மெஷின் வாங்கலாமா?

சலுகை இல்லாவிட்டாலும் அந்த மெஷின் தேவை என்றால் வாங்குங்கள். சலுகையோடு மட்டும்தான் கணக்குச் சரிவரும் என்றால் காத்திருங்கள்.

2014-இல் அமெரிக்காவில் உபகரணச் செலவை முதல் ஆண்டிலேயே கழிக்கும் வரம்பு 25,000 டாலராகச் சுருங்கி இருந்தது. டிசம்பர் 19 அன்று கையெழுத்தான சட்டம் அதை அந்த ஆண்டு முழுமைக்கும் 5,00,000 ஆக்கியது. டிசம்பர் 31 உடன் அதுவும் காலாவதி. முதலீட்டை ஊக்குவிக்க என்று கொண்டுவந்த சட்டம் எந்த முடிவையும் மாற்ற வாய்த்தது 12 நாட்கள் மட்டுமே. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு எதிர்பாராத பரிசு, பயந்து வாங்காதவர்களுக்கு ஒன்றுமில்லை. ஊக்கச் சலுகையைக் கடைசி நேரத்தில் தருவது அரசுப் பணத்தை வீணாக்குவது என்றே நாங்கள் கருதுகிறோம்.

முன்தேதியிட்டு வரி போடறது செல்லுமா? இது எப்படி நியாயம்?

பல நாடுகளில் சட்டமன்றங்களுக்கு அந்த அதிகாரம் வரம்புகளோடு உண்டு. செல்லும் என்பதும் நியாயம் என்பதும் வேறு வேறு. இந்தியச் சொத்துள்ள நிறுவனம் வெளிநாட்டில் கைமாறியதற்கு வரி உண்டா என்ற வோடபோன் வழக்கில் 2012 ஜனவரி 20 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிதிச் சட்டம் 1962 வரை பின்னோக்கிச் சென்று விதியைத் திருத்தியது. 2020-இல் சர்வதேச நடுவர் மன்றத்தில் இந்தியா தோற்றது. 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த முன்தேதி வரிக் கோரிக்கைகளைக் கைவிடும் சட்டத்தை நிறைவேற்றியது. ஒன்பது ஆண்டு வழக்குச் செலவுதான் மிச்சம்.

சிறு நிறுவனங்களைத் தொட்ட உதாரணம் 2021-இல் அமெரிக்காவில் நடந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஊழியர்களை வைத்திருந்ததற்கான வரிச் சலுகை ஆண்டு இறுதி வரை இருந்தது. அதை எதிர்பார்த்து, செலுத்த வேண்டிய ஊதிய வரியைப் பல நிறுவனங்கள் சட்டப்படியே நிறுத்திக்கொண்டன. நவம்பர் 15 அன்று வந்த சட்டம், பெரும்பாலானோருக்குச் சலுகை செப்டம்பர் 30 உடனேயே முடிந்துவிட்டதாக்கியது. செலவழித்துவிட்ட ஒன்றரை மாதப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று.

அவசரமா எழுதின சட்டத்துலயே பிழை இருந்தா?

பிழையாக இருந்தாலும் சட்டம் சட்டம்தான். 2017 அமெரிக்கச் சட்டத்தில் கடை, உணவகம் போன்றவற்றின் உட்புறச் சீரமைப்புச் செலவை 15 ஆண்டுத் தேய்மான வகையில் (செலவை அத்தனை ஆண்டுகளில் பகுதி பகுதியாகக் கழிப்பது) சேர்க்க எண்ணியிருந்தார்கள். வாசகத்தில் விடுபட்டதால் 39 ஆண்டு வகையில் விழுந்தது. எல்லாருக்கும் அது பிழை என்று தெரியும். ஆனாலும் 39 ஆண்டு என்றே ரிட்டர்ன் போட வேண்டியிருந்தது. 2020 மார்ச் 27 அன்று முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். இரண்டு ஆண்டு ரிட்டர்ன்கள் மறுபடி திறந்தன. இப்படிப்பட்ட இடங்களில் பிழை எது, எந்தச் செலவு, எவ்வளவு வித்தியாசம் என்று தனித் தாளில் எழுதிக் கோப்பில் வைத்தால் திருத்தம் வரும் நாளில் ஒரு மணி நேர வேலையோடு போகும்.

கெடுவை நீட்டிச்சுட்டாங்களே, இன்னும் என்ன குறை?

எப்போது நீட்டித்தார்கள் என்பதுதான் குறை. இந்தியாவில் 2025-இல் படிவங்கள் மிகவும் மாறியதாலும் கணினி அமைப்பைத் தயார் செய்ய வேண்டியிருந்ததாலும், தணிக்கை தேவைப்படாதவர்களின் கெடுவை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்கு மே மாதமே தள்ளினார்கள். அது முறையான நீட்டிப்பு. செப்டம்பர் 15 இரவு வெகுநேரம் கழித்து, இன்னும் ஒரே ஒரு நாள் என்று அறிவித்தார்கள். அதற்குள் எல்லா அலுவலகங்களும் கண்விழித்து வேலையை முடித்திருந்தன. கடைசி இரவில் தரும் நீட்டிப்பு யாருடைய உழைப்பையும் குறைப்பதில்லை.

இன்னொன்று: எது நீண்டது என்று வாசித்துப் பாருங்கள். 2021-இல் அமெரிக்காவில் தனிநபர் ரிட்டர்ன் கெடு மே 17 ஆயிற்று, முதல் காலாண்டு முன்வரிக் கெடு ஏப்ரல் 15-லேயே நின்றது. முன்வரியைக் கணக்கிட முந்தைய ஆண்டுக் கணக்கு முடிந்திருக்க வேண்டும். ஆகவே கணக்காளர்களுக்கு உண்மையில் ஒரு நாளும் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

ஒரே நிதியாண்டுக்குள்ள ரெண்டு ரேட் வந்தா கணக்கை எப்படி வைக்கணும்?

விற்ற தேதியை வைத்துப் பிரியுங்கள், ரேட்டை வைத்துப் பிரிக்க வேண்டாம். இந்தியாவில் 2024 ஜூலை 23 முதல் பட்டியலிட்ட பங்குகளின் குறுகிய கால ஆதாய வரி 15-லிருந்து 20 ஆகவும், நீண்ட கால ஆதாய வரி 10-லிருந்து 12.5 ஆகவும் மாறியது. நிலம், கட்டடத்துக்கு முதலில் பணவீக்கச் சரிக்கட்டலை (விலைவாசி உயர்வுக்கேற்ப வாங்கிய விலையை ஏற்றிக் கணக்கிடுவதை) முற்றிலும் நீக்கினார்கள். எதிர்ப்பு வந்ததும் ஆகஸ்டில், அந்தத் தேதிக்கு முன் வாங்கியவற்றுக்கு இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களும் இந்துக் கூட்டுக் குடும்பங்களும் 20 சதவீதத்தில் சரிக்கட்டலோடு, 12.5-இல் அது இல்லாமல் என்று இரண்டில் குறைவான வரியைக் கட்டலாம் என்றார்கள். ஆகவே ஒவ்வொரு சொத்துக்கும் இரண்டு கணக்கு.

இருப்புநிலைக் குறிப்பு முடிக்கிற சமயம் ரேட் மாறிச்சு. எந்த ரேட்ல காட்டணும்?

நடப்பு வரிக்கும் ஒத்திவைத்த வரிக்கும் (பின்வரும் ஆண்டுகளில் கட்டவோ கழிக்கவோ வேண்டிய வரி) ஐஏஎஸ் 12 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலை கேட்பது: கணக்காண்டின் கடைசி நாளன்று சட்டமாகிவிட்ட அல்லது கிட்டத்தட்ட சட்டமாகிவிட்ட ரேட். அந்த நாளுக்குப் பிறகு அறிவித்தால் எண்களைத் தொடக் கூடாது. தொகை பெரிதாக இருந்தால் குறிப்பில் வெளியிட வேண்டும். அமெரிக்கக் கணக்கு முறையில் ‘கிட்டத்தட்ட’ என்பதே கிடையாது, கையெழுத்தாகியிருக்க வேண்டும். இரு முறைகளிலும் கணக்கு கொடுக்கும் குழுமங்களில் ஒரே மாற்றம் வேறு வேறு ஆண்டில் விழக்கூடும்.

விளைவு எவ்வளவு பெரிது என்று பாருங்கள். எதிர்காலத்தில் கழிக்கக்கூடிய 1,000 நஷ்டத்துக்கு 35 சதவீதத்தில் 350 சொத்தாக எழுதியிருப்பீர்கள். ரேட் 21 ஆனால் அது 210. ஒரு காசும் கைமாறாமல் 140 லாபத்திலிருந்து போகும். 2017 டிசம்பர் 22 அன்று இது நடந்தபோது ஆண்டு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அன்றே அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், மதிப்பிட முடிந்ததை இப்போது போடுங்கள், மீதியை ஓராண்டுக்குள் முடியுங்கள் என்று வழிகாட்டியது. சட்டத்தோடு சேர்ந்தே இப்படி ஒரு வழிகாட்டுதல் வருவது எல்லா நாடுகளும் பின்பற்ற வேண்டிய முறை.

சட்டத்தை மாத்தினது அரசு. ஆடிட்டர் கூடுதல் கட்டணம் கேட்கிறார். நான் ஏன் கொடுக்கணும்?

அவருக்கும் அந்த வேலை யாரும் கேட்டு வந்ததல்ல. புதிய விதியைப் படிப்பது, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அதைப் பொருத்திப் பார்ப்பது, மென்பொருள் வரும்வரை கையால் கணக்கிடுவது, பிறகு மென்பொருளோடு ஒப்பிடுவது ஆகியவை முடிந்த பிறகே ரிட்டர்ன் கைக்கு வரும். படிக்கும் நேரத்தை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பகிர்ந்து போடுவதும், உங்கள் கோப்பைத் திரும்பத் திறந்த நேரத்தை உங்களிடம் வாங்குவதும் முறையானவை.

சண்டை வராமலிருக்க வேலை ஒப்பந்தக் கடிதத்தில் ஒரு வரி போதும்: ‘இக்கடிதத் தேதியில் உள்ள சட்டப்படியான வேலைக்கே இந்தக் கட்டணம், பின்னர் வரும் சட்ட மாற்றத்தால் நேரும் மறுவேலைக்கு முன்கூட்டித் தெரிவித்து, மணிக்கணக்கில் தனிக்கட்டணம்.’ ‘முன்கூட்டித் தெரிவித்து’ என்பதை விட்டுவிடாதீர்கள். வேலையை முடித்துவிட்டுச் சொல்வதில்தான் பெரும்பாலான மனக்கசப்பு வருகிறது.

தெரியாம ரெண்டு வாரம் பழைய ரேட்லயே பில் போட்டுட்டேன். இப்ப என்ன செய்யறது?

பழைய ரேட் கூடுதலா குறைவா என்பதைப் பொறுத்தது. கூடுதலாக வசூலித்திருந்தால், வரி என்று சொல்லி வாங்கிய பணத்தை அரசுக்குக் கட்டியாக வேண்டும்; உங்களிடம் வைத்துக்கொள்ள முடியாது. வாங்கியவருக்குக் கிரெடிட் நோட் கொடுத்துத் திருப்பிய பிறகே உங்கள் கணக்கில் குறைக்கலாம். குறைவாக வசூலித்திருந்தால் வித்தியாசம் உங்கள் பொறுப்பு. தொழில் வாடிக்கையாளரிடம் பில் தொகையைக் கூட்டும் டெபிட் நோட் போட்டுக் கேட்கலாம், அவருக்கு அது உள்ளீட்டு வரவு என்பதால் பெரும்பாலும் ஒப்புவார். சில்லறை வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்க முடியாது. அங்கே பில் தொகைக்குள்ளேயே வரி இருப்பதாக எடுத்து, மேலே சொன்ன பின்னத்தால் பிரித்துக் கட்ட முடியுமா என்று உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள்.

திருத்தும் முன், தவறான பில்களின் பட்டியலை எடுத்து உறையவையுங்கள். திருத்திக்கொண்டே பட்டியல் எடுத்தால் எது முடிந்தது, எது பாக்கி என்று குழம்பிவிடும். ஜெர்மனி 2020 ஜூலை மாதத்துக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுத்தது: தொழில்களுக்கிடையே 19 சதவீதம் என்று தவறாகப் போட்ட பில்களைத் திருத்த வேண்டாம், விற்றவர் காட்டியபடி வரியைக் கட்டியிருந்தால் வாங்கியவர் அந்தத் தொகையையே உள்ளீடாக எடுக்கலாம். உங்கள் அரசும் அப்படி ஏதாவது அறிவித்திருக்கிறதா என்று பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ஒப்பந்தத்துல ‘வரி உட்பட’ன்னு ஒரே விலை போட்டுட்டோம். ரேட் ஏறிடுச்சு. யார் தாங்கணும்?

ஒப்பந்தத்தில் வேறு எதுவும் இல்லையென்றால் பொதுவாக விற்பவர். ஆனால் சட்டம் தலையிடும் நாடுகளும் உண்டு. பிரிட்டனின் வாட் சட்டம், ஒப்பந்தத்துக்குப் பிறகு ரேட் மாறினால், வேறு விதமாக ஒப்புக்கொண்டிராதபட்சத்தில், விலையையும் அதற்கேற்ப மாற்றுகிறது. ஜெர்மனியில் ரேட் மாறுவதற்கு நான்கு மாதங்களுக்கும் முன்பு செய்த ஒப்பந்தங்களில் மட்டும் வித்தியாசத்தைக் கேட்கும் உரிமை உண்டு, ஏறினாலும் இறங்கினாலும். அந்த நான்கு மாதத்துக்குள் கையெழுத்திட்டவர்கள் தாங்களே எழுதிக்கொண்டதுதான் காப்பு.

ஆகவே இனி எழுதும் ஒப்பந்தங்களில் வரிக்கு முந்தைய விலையைத் தனியாகப் போட்டு, ‘வழங்கும் நாளில் சட்டப்படி பொருந்தும் ரேட்டில் வரி கூடுதல்’ என்று எழுதுங்கள். ஏற்கெனவே கையெழுத்தானவற்றில் ‘வரி உட்பட’ என்றிருப்பவற்றை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து, முடியும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வரும் அன்றே முதலில் திறக்க வேண்டிய பட்டியல் அது. அடுத்தது, அமல் நாளின் முந்தைய இரவு இருப்புக் கணக்கும் வழியில் உள்ள சரக்கின் கணக்கும் எடுத்து வைப்பது. வழங்கிய நாள் எது என்ற சச்சரவுகளில் கையில் உள்ள ஆதாரம் அந்த இரண்டு தாள்கள்தாம்.